பகலெல்லாம் நின்று புத்தகம் விற்பவர்களின் கால்களுக்கு

புத்தகக் காட்சியில் கடை போடத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு. மாட்டுப் பொங்கலன்று காலையில் எழுந்து தரையில் காலை ஊன்றியபோது வலது குதிகாலில் ஊசி ஏறியதுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே குளியலறை வரை போனேன். பத்தடி நடந்ததும் வலி தணிந்துவிட்டதால் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அன்றும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போய் இரவு எட்டரை வரை நின்றேன். காட்சி முடிந்து பெட்டிகள் ஊர் திரும்பிய பிறகும் வலி திரும்பிப் போகவில்லை. சித்திரை வரை தினமும் காலையில் அதே ஊசி.

மருத்துவர் குதிகாலின் அடியில் ஒரு புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்தினார். நான் துள்ளிவிட்டேன். குதிகாலையும் விரல்களின் அடியையும் இணைக்கும் தசைநார்ப் பட்டை புண்பட்டிருக்கிறது என்றார். “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள்?” என்று கேட்டார். ஒன்பது என்றேன். “அதில் எத்தனை மணி நேரம் ஒரே இடத்தில்?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நிற்பதில் இரண்டு வகை உண்டு என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

என் கணவரும் நானும் சிறிய பதிப்பகம் ஒன்றை நடத்துகிறோம். 14 ஆண்டுகளாக எங்கள் கடையில் பில் போடுவதும் புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் நான்தான். ஜனவரியில் சென்னை, ஜூலையில் கோவை கொடிசியா, ஆகஸ்டில் ஈரோடு என்று முன்பு விரல்விட்டு எண்ணிவிடலாம். 2022 முதல் அரசே மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்தத் தொடங்கியதில் எங்களைப் போன்றவர்களுக்கு விற்பனை நாட்கள் பெருகின. அது பெரிய நன்மை. கூடவே நிற்கும் நாட்களும் பெருகின. நாள் முழுக்க நின்றும் கால் கெடாமல் எப்படிச் சமாளிப்பது என்று, இந்த ஆண்டு முதன்முதலாகக் கடை போடப்போகும் தம்பி தங்கைகள் சிலர் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்காகவும், நகை, கைத்தறி, மண்பாண்டம் என்று எந்தக் கண்காட்சியில் நிற்பவர்களாக இருந்தாலும் அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் மருத்துவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் காலில் உள்ள ரத்தத்தை மேல் நோக்கித் தள்ளுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் சிறு வால்வுகள் அந்த ரத்தம் மறுபடி கீழே இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் இந்த இறைப்பு நின்றுவிடும். ரத்தமும் நீரும் காலில் தேங்கும். மாலையில் கணுக்கால் வீங்குவதும், செருப்பு வார் பதிந்து தடமாவதும் இதனால்தான். பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் விறைப்பாக நின்ற பிள்ளைகள் திடீரென்று மயங்கி விழுவார்களே, அதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே ஒன்பது மணி நேரம் நிற்பதைக் குறைக்க முடியாவிட்டாலும், ஒன்பது மணி நேரம் அசையாமல் நிற்பதைத் தவிர்க்கலாம். நான் சொல்லப்போகும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

வாசகர் ஒருவர் ஏதாவது புத்தகத்தைக் கேட்டால் கையைக் காட்டி “அந்த ராக்கில் பாருங்கள்” என்று சொல்லாதீர்கள். கூடவே போய் எடுத்துக் கொடுங்கள். உங்களுக்கு நாலு அடி நடை, அவருக்கு மரியாதை. கூட்டம் இல்லாத நேரத்தில் கலைந்த புத்தகங்களை அடுக்குங்கள். பில் போட நிற்கும்போது குதிகாலை மெல்லத் தூக்கி இறக்குங்கள். மேசைத் துணி மறைப்பதால் வெளியில் யாருக்கும் தெரியாது. ஒரு பில்லுக்குப் பத்து முறை என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அது ஆயிரத்தைத் தாண்டிவிடும். முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கிப் பூட்டிக்கொண்டு நிற்பது களைப்பில் எல்லோருக்கும் வரும் பழக்கம். நினைவு வரும்போதெல்லாம் ஒரு நூலளவு தளர்த்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மணை. பாட்டி காலத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மரப்பலகை வீட்டில் சும்மா கிடந்தது. நாலு அங்குல உயரம் இருக்கும். பில் மேசைக்கு அடியில் அதைப் போட்டு ஒரு காலை அதன்மேல் வைத்துக்கொள்வேன். கால் மணிக்கு ஒருமுறை கால் மாற்றுவேன். ஒரு காலை உயர்த்தி வைத்தால் இடுப்பு முன்பக்கம் வளைவது குறைந்து கீழ்முதுகின் இழுப்பு தளர்கிறது. மணை இல்லாதவர்கள் நிறைந்த புத்தகப் பண்டலைப் போட்டுக்கொள்ளலாம். பண்டல் சரியும், மணை சரியாது.

தரை

காலைக் கெடுப்பதில் பாதிப் பங்கு தரைக்கு. நந்தனத்தில் மைதானத்தின் மேல் பலகை அடித்து விரிப்புப் போடுவார்கள். சில இடங்களில் பலகை அமுங்கும், சில இணைப்புகளில் மேடும் பள்ளமுமாக இருக்கும். கடை ஒப்படைக்கப்பட்டதும் ராக்கை நிறுத்துவதற்கு முன், வெறும் தரையில் நாலு பக்கமும் நடந்து பாருங்கள். ஆடாத, சமமான இடம் எது என்று கண்டுபிடித்து பில் மேசையை அங்கே போடுங்கள். மேசை எங்கே இருந்தாலும் வாசகர் வந்துவிடுவார். உங்கள் கால் நாள் முழுக்க அந்த ஒரே இடத்தில்தான் இருக்கப்போகிறது. பெரிய கூடங்களில் சிமெண்ட் அல்லது ஓட்டுத்தரை. சமமாக இருக்கும், ஆனால் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. நான்காம் நாள் குதிகால் சொல்லும்.

இதற்கு மருந்து எனக்கு என் தம்பியின் மாட்டுத் தொழுவத்தில் கிடைத்தது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் நாலு கறவை மாடு வைத்திருக்கிறான். சிமெண்ட் தரையில் நின்று படுத்து மாட்டுக்கு முட்டி வீங்கிவிடக்கூடாது என்று கனத்த ரப்பர் பாய் விரித்திருந்தான். அதன்மேல் வெறுங்காலோடு நின்று பார்த்தேன். அமுங்கியும் அமுங்காததுமாக, வயல் வரப்பில் நிற்பதுபோல் இருந்தது. மீந்த துண்டு ஒன்றை 2 அடிக்கு 3 அடியாக வெட்டித் தரச் சொல்லி வாங்கி வந்தேன். அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான தடிமன். கனம் ஒரு புத்தகப் பண்டல் அளவு இருக்கும். அன்றிலிருந்து அது இல்லாமல் நான் எந்த ஊருக்கும் கடை போடப் போனதில்லை.

வாங்குபவர்களுக்குச் சில சொற்கள். புது ரப்பர் நாற்றம் போக நான்கு நாள் மொட்டை மாடி வெயிலில் போடுங்கள். விளிம்பைக் கத்தியால் சாய்வாகச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் தடுக்கும். பில் மேசைக்குப் பின்னால் மட்டும் விரியுங்கள், வாசகர் நடக்கும் வழிக்குக் கொண்டுவராதீர்கள். மெத்துமெத்தென்று இருக்கும் பஞ்சு விரிப்பு நல்லது என்று தோன்றும். நான் அதையும் முயன்றிருக்கிறேன். கால் புதைந்து, சமநிலைக்காகக் கணுக்கால் ஓயாமல் வேலை செய்து, இரவில் அதிகம் வலித்தது.

காலணி

சேலைக்குப் பொருத்தமான செருப்பு என்ற எண்ணத்தைக் காட்சி முடியும்வரை தள்ளி வையுங்கள். தட்டையான மெல்லிய செருப்பும் வேண்டாம், குதி உயர்ந்ததும் வேண்டாம். நடைக்கான ஷூ, பின்பக்கம் குதிகாலை உறுதியாகப் பிடிப்பதாக, முன்பக்கம் விரல்கள் விரிய இடம் உள்ளதாக இருக்க வேண்டும். வாங்குவதற்கு மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்து கால் சற்றுப் பருத்திருக்கும்போது சரியாக இருப்பதுதான் காட்சியிலும் சரியாக இருக்கும். நின்று பார்க்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இரண்டு காலையும் போட்டுப் பாருங்கள். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிது.

புது ஷூவோடு முதல் நாள் காட்சிக்குப் போகாதீர்கள். இரண்டு வாரம் முன்பே வாங்கி, தினம் அரை மணி நேரம் அதோடு நடந்து பழக்குங்கள். அதே இரண்டு வாரமும் மாடிப்படியின் விளிம்பில் கைப்பிடியைப் பற்றி நின்று, குதிகாலை மெல்லக் கீழே இறக்கி, பிறகு ஏற்றுங்கள். காலையில் 15, மாலையில் 15. கெண்டைக்கால் இறுகியிருந்தால் அதன் இழுப்பு முழுக்கக் குதிகாலில் வந்து விழும். என் ஊசிவலி அன்று போனதற்கும் பிறகு வராததற்கும் மாத்திரையைவிட இந்தப் படி வேலைதான் காரணம் என்று நம்புகிறேன்.

முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். நான் மதியம் ஷூவோடு தொடங்குவேன். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் ஏறுவதற்கு முன் காலுறையைக் கழற்றி, காலைத் துடைத்து, எம்.சி.ஆர். என்ற மென்ரப்பர் செருப்புக்கு மாறுவேன். காலணி மாறினால் அழுத்தம் விழும் இடமும் மாறும். அந்த மென்ரப்பர் செருப்பைச் சர்க்கரை நோயாளிகளுக்கானது என்று மட்டும் நினைத்துப் பலர் தவிர்க்கிறார்கள். அதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு பணியாற்றியவர்களும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்க வழி தேடியபோது கைகொடுத்த பொருள்களில் இந்த ரப்பரும் ஒன்று. அழுத்தத்தை ஒரே இடத்தில் விடாமல் பாதம் முழுக்கப் பரப்புவது அதன் குணம். நாள் முழுக்க நிற்பவர்களுக்கும் அதுதானே வேண்டும்? பின்வார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வார் இல்லாவிட்டால் செருப்பைப் பிடித்துக்கொள்ளவே விரல்கள் மடங்கி மடங்கி ஓய்ந்துவிடும்.

பெண்களுக்கு இன்னொரு சொல். உள்பாவாடை நாடாவைக் காலையில் இறுக்கிக் கட்டினால் மாலையில் இடுப்பில் கயிற்றுத் தடம் விழும். அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை சுடிதாருக்கு மாறுங்கள்.

நாற்காலி

இதைப் பதிப்பாளர்களுக்கும் கடை உரிமையாளர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். விற்பவர் உட்கார்ந்திருந்தால் வாசகருக்கு மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. எனக்கும் இருந்தது. எங்கள் கடைக்கு தினக்கூலிக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகளை நான் உட்காரவிட்டதில்லை. அதை இன்று வருத்தத்தோடு நினைக்கிறேன்.

கோழிக்கோட்டில் பி.விஜி போன்றவர்கள் முன்னின்று, ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். உட்காரும் உரிமையை 2018இல் கேரளம் சட்டத்தில் சேர்த்தது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலையாட்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்றது. வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ள வேண்டும், நேரம் முழுக்க நிற்கும் நிலை வரக்கூடாது என்பதே அதன் நோக்கம். பத்து நாள் கண்காட்சிக் கடையில் நிற்கும் காலும் அதே கால்தான்.

தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலி உதவாது. ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்தே முழங்கால் ஓய்ந்துவிடும், புத்தகக் குவியலுக்குப் பின்னால் முகமும் மறைந்துவிடும். 28 முதல் 30 அங்குல உயரத்தில், கால் வைக்கக் குறுக்குக் கம்பி உள்ள முக்காலி வாங்குங்கள். அதில் உட்கார்ந்தால் உங்கள் கண் வாசகரின் கண்ணுக்கு ஏறக்குறைய நேராக இருக்கும். பாதி நிற்பதுபோல, பாதி உட்காருவதுபோல. எழுந்திருப்பதும் ஒரே அசைவு. அந்த முக்காலி வந்த ஆண்டில் விற்பனை குறையவில்லை. முகத்தில் களைப்பு இல்லாததால் மாலை ஏழு மணிக்கும் நான் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி ஆர்வமாகப் பேச முடிந்தது.

பில் மேசையின் உயரத்தையும் பாருங்கள். நின்றபடி கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ அந்த உயரத்தில் பில் புத்தகமும் அட்டை தேய்க்கும் கருவியும் இருக்க வேண்டும். வாடகை மேசை தாழ்வாக இருந்தால் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து மேலே வையுங்கள். வேகமாகப் போகும் புத்தகங்களின் இருப்பை மேசைக்கு அடியில் வைக்காதீர்கள். ஒரு நாளைக்கு நூறு முறை குனிய நேரும். இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டு, மெதுவாகப் போகிறவற்றைக் கீழே தள்ளுங்கள்.

தண்ணீர்

ஓராண்டு ஞாயிறு மாலை, நெரிசல் உச்சத்தில் இருந்தபோது, எங்கள் கடைக்கு வேலைக்கு வந்திருந்த மாணவி மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. படுக்கவைத்துக் காலை ஒரு பண்டலின் மேல் உயர்த்தி வைத்ததும் தெளிந்தாள். கேட்டபோது, “கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை அக்கா” என்றாள். கழிப்பறை தூரம், வரிசை நீளம், கடையை விட்டுப் போகவும் தயக்கம். நம் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் இதையே செய்கிறார்கள். மயக்கம் மட்டுமல்ல, சிறுநீர்த் தொற்றும் தலைவலியும் இதிலிருந்தே வருகின்றன.

இதற்கு ஒரே வழி பக்கத்துக் கடை. முதல் நாள் கடை திறந்ததும் இரு பக்கத்துக் கடைக்காரர்களிடமும் போய்ப் பேசுங்கள். “நீங்கள் போகும்போது நான் பார்த்துக்கொள்கிறேன், நான் போகும்போது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் போய் வாருங்கள். அந்த நடை காலுக்கும் ஓய்வு. ஒரு லிட்டர் பாட்டிலைக் கண்ணில் படும்படி வைத்து, வாய் நிறைய அல்லாமல் மடக்கு மடக்காகக் குடியுங்கள். பேசிப் பேசித் தொண்டை கட்டுவதும் குறையும்.

சாப்பாட்டை நின்றுகொண்டு விழுங்காதீர்கள். பத்து நிமிடம் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வெளியே வரிசையில் பஜ்ஜியும் டெல்லி அப்பளமும் மணக்கும். ஒருநாள் சாப்பிடலாம். மற்ற நாட்களுக்கு வாழைப்பழம், வேகவைத்த சுண்டல், கடலை மிட்டாய் எடுத்துப் போங்கள்.

இரவு

ரயிலில் இடம் இல்லையென்றால் கேட்டு உட்காருங்கள். வீடு வந்ததும் பத்து நிமிடம் தரையில் படுத்துக் காலைச் சுவரில் உயர்த்தி வையுங்கள். வீக்கம் வடிவது கண்ணுக்கே தெரியும். வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை வைப்பது சுகம்தான். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். அவர்கள் தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, சிவப்போ கொப்புளமோ இருந்தால் மறுநாளே காட்ட வேண்டும். குதிகால் வலிப்பவர்கள் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, மேலே ஒரு துணி சுற்றி, உள்ளங்காலின் அடியில் போட்டு ஐந்து நிமிடம் உருட்டுங்கள்.

நரம்பு சுருட்டல் உள்ளவர்களுக்கு அழுத்தக் காலுறை நன்றாக உதவும். அதை அளவெடுத்து, மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். காலுக்கு ரத்தம் இறங்குவதிலேயே குறை உள்ளவர்களுக்கு அது கெடுதல் செய்யும். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு காலும் மாலையில் வீங்கி இரவில் வடிந்தால் அது நிற்பதால் வருவதாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டையில் வலியும் சூடும் இருந்தால் காட்சி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

கடைசி நாள் இரவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதுகு பிடித்துக்கொள்பவர்களில் பலருக்கு அது அன்றுதான் நேர்கிறது. இரண்டு வாரக் களைப்போடு, இரவோடு இரவாக அரங்கைக் காலி செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் பெட்டியைக் குனிந்து தூக்குகிறார்கள். பெட்டியை நிரப்பாதீர்கள். 300 பக்கப் புத்தகம் இருபது சேர்ந்தாலே ஏழெட்டுக் கிலோ. பெரிய பெட்டி ஒன்றுக்குப் பதில் சிறிய பெட்டி இரண்டு போடுங்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பெட்டியை வயிற்றோடு அணைத்து எழுங்கள். கையில் பெட்டியோடு இடுப்பைத் திருப்பாதீர்கள், காலைத் திருப்புங்கள். கடை கட்டும்வரை ஷூவைக் கழற்றாதீர்கள். பிரித்த ராக்கின் ஆணிகள் தரையெங்கும் கிடக்கும்.

ரப்பர் பாயை எல்லாவற்றுக்கும் கடைசியாக எடுங்கள், அதுவரை அதன்மேல் நின்றே பெட்டி கட்டலாம். ஈரத்துணியால் துடைத்து, சுருட்டிக் கயிறு கட்டி, மணையோடு சேர்த்துக் கடைசிப் பெட்டியின் மேல் வைப்பேன். ஈரோட்டில் வண்டியின் கதவைத் திறந்ததும் புத்தகங்களுக்கு முன்னால் அதுதான் இறங்க வேண்டும்.